அப்பாரு துப்பாக்கி தொங்கிய ஆணி

எங்க தோட்டத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ரெண்டு பெரிய ஆணி இருக்கு. இப்போ ஒண்ணுல காலண்டர் தொங்குது, இன்னொண்ணுல என் சட்டை. முப்பது வருஷம் முன்னாடி வரைக்கும் அந்த ரெண்டு ஆணிக்கும் குறுக்கே அப்பாருவோட துப்பாக்கி படுத்திருக்கும். கொங்கு நாட்டில் அப்பாவோட அப்பாவை அப்பாருன்னுதான் சொல்லுவோம்.

அந்த ஆணியை மறுபடியும் ஏன் பார்த்தேன்னா, காரணம் என் மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூணு பேரைக் கொன்னுட்டாங்க. ஆறு மாசம் ஆகலை, சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியா இருந்த வயசான புருஷன் பொஞ்சாதி. ரெண்டாவது சேதி வந்த அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினான். "அப்பா, நீங்களும் அம்மாவும் அங்க இருந்தே தீருவோம்னா லைசென்ஸ் போட்டு ஒரு துப்பாக்கி வாங்குங்க. இல்லைன்னா இங்க வந்துடுங்க."

பட்டணத்தில் இருந்து படிக்கிறவங்களுக்கு எங்க ஊர் அமைப்பைக் கொஞ்சம் சொல்லணும். தஞ்சாவூர் மாதிரி தெருத் தெருவா வீடு இருக்காது. அவங்கவங்க தோட்டத்து நடுவில, கிணத்துப் பக்கத்தில, தனித்தனி வீடு. எங்களுக்கு அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர். மேற்கே மலை. எங்க அப்பாரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பேர் இருந்தாங்க. இப்போ ரெண்டு பேர், சில வீட்டில் ஒருத்தர், சில வீட்டில் பூட்டு.

சரி, லைசென்ஸ் எப்படி எடுக்கிறதுன்னு விசாரிக்கப் போனேன். முதல் கேள்வியே, "எதுக்குங்க? பயிர்ப் பாதுகாப்புக்கா, தற்காப்புக்கா?" எனக்குச் சட்டுனு பதில் வரலை. வீட்டுக்கு வந்து யோசிச்சா, இந்த நாட்டில் குடியானவன் கையில் துப்பாக்கி இருக்கலாமா கூடாதாங்கிற வழக்கு முழுக்க அந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. நூலகத்தில் படிச்சது, மகன் தேடி எடுத்துக் கொடுத்தது, எங்க வீட்டில் நடந்தது, மூணையும் சேர்த்து எழுதுறேன்.

துப்பாக்கிங்கிற சொல்லே நம்மது இல்லை. துருக்கியில் இருந்து பாரசீகம், உருது வழியா வந்தது. பீரங்கி, பறங்கிக்காரனோட வந்த பேர். ஆனா குண்டு நம்ம சொல், உள்ளே போடுற பொடிக்கு மருந்துன்னு பேர் வச்சதும் நாமதான். ஆளைக் கொல்றதுக்கு மருந்துன்னு பேர் வச்சவன் குசும்புக்காரனா இருந்திருக்கணும்.

பாளையக்காரர் காலத்தில் ஊர்க் காவல்னு ஒண்ணு இருந்துச்சு. ஊருக்குக் காவல்காரர் உண்டு, அதுக்கு மேலே பாளையக்காரரோட காவல். குடியானவன் விளைச்சலில் இருந்து காவல் கூலி அளப்பான். அதில் எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு: களவு போனா, காவல்காரர் பொருளைக் கண்டுபிடிச்சுத் தரணும், இல்லைன்னா அதுக்கு ஈடு கட்டணும். இன்னைக்கு நாலு ஆடு களவு போனா மனு எழுதிக் குடுத்துட்டு வரோம். அன்னைக்கு காவல்காரன் மடியில் இருந்து காசு எடுத்து வைக்கணும். (காவல்காரரே களவாளியோட கூட்டு வச்சு ஊரை மிரட்டின கதையும் உண்டு. எல்லாமே பொற்காலம்னு நான் சொல்ல வரலை.) அந்தக் காவல் ஆட்கள் கையில் ஈட்டி, வேல்கம்பு, வளரி, அப்புறம் திரி போட்டுக் கொளுத்துற துப்பாக்கி. தோட்டத்தில் உழுறவன் வீட்டில் கவண்கல்லும் தடியும்தான்.

கும்பினிக்காரன் வந்து முதல்ல உடைச்சது அந்தக் காவலைத்தான். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாத்தில் தூக்கில் போட்டாங்க. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில். ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தச் சண்டையில் மருதுவை எதிர்த்து நின்னவர். பின்னாடி 1830இல் தன் படை வாழ்க்கையைப் புத்தகமா எழுதினார். அதில், பகை வர்றதுக்கு முன்னாடி தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்ததே சின்ன மருதுதான்னு எழுதியிருக்கார். கத்துக்கொடுத்த கையைத் தூக்கில் தொங்கவிட்ட பக்கத்தில் நின்னவர். அந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

மருதுவைத் தூக்கில் போட்டு ஆறு வாரம்கூட ஆகலை, 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். இவர் ராபர்ட் கிளைவோட மகன். பாளையங்களில் துப்பாக்கி, ஈட்டி எல்லாத்தையும் ஒப்படைக்கணும், சர்க்கார் அனுமதி இல்லாம வச்சிருந்தா மரண தண்டனை. கோட்டைகளையும் இடிச்சாங்க. எங்க பக்கம் தீரன் சின்னமலை கதை 1805இல் சங்ககிரியில் முடிஞ்சது. 1816இல் வந்த சட்டப்படி ஊர்ப் போலீஸ் வேலை கிராமத் தலைமைக்காரர் கையில் போச்சு. காவல் போச்சு, ஈடு கட்டுற விதியும் அதோட போச்சு.

1857 கலகத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரனுக்குப் பயம் இன்னும் ஜாஸ்தி. லிட்டன் வைஸ்ராயா இருந்தப்போ 1878இல் வந்ததுதான் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். முதல் உலகப் போர் முடிஞ்ச பிறகுதான் அந்தத் தோல் நிற வித்தியாசத்தை விதியில் இருந்து எடுத்தாங்க. 1887இல் காங்கிரஸ் மூணாவது மாநாடு சென்னையில் நடந்தப்பவே அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. அகிம்சை பேசின காந்தியே தன் சத்திய சோதனையில் அந்தச் சட்டத்தை ரொம்பக் கடுமையாச் சாடியிருக்கார். 1931 கராச்சி காங்கிரஸில் அடிப்படை உரிமைகள்னு எழுதின பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைக்கிற உரிமையும் ஒண்ணு. சுதந்திரம் வந்து அரசியல் சட்டம் எழுதினப்போ அது காணாம போச்சு.

குடகு மட்டும் விதிவிலக்கு. அங்க கொடவருக்கும் ஜம்மா நிலம் வச்சிருக்கிறவங்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே லைசென்ஸில் விலக்கு உண்டு, மத்திய அரசு 2019இல் அதை மறுபடி 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. இஞ்சி வெள்ளாமை பார்க்க ஒரு தடவை அங்க போனேன். வீட்டுக்குள்ள துப்பாக்கி நம்ம வீட்டு அருவாமனை மாதிரி இருக்கு. ஆயுத பூசை மாதிரி செப்டம்பரில் ஒரு பண்டிகை வச்சு அதுக்குப் பூ வச்சுக் கும்பிடுறாங்க. மலைக்கு அந்தப் பக்கம் அப்படி, இந்தப் பக்கம் இப்படி.

நம்ம இந்தியாவோட சொந்த ஆயுதச் சட்டம் 1959இல் வந்து, 1962 அக்டோபரில் அமலாச்சு. அதில் 13ஆவது பிரிவைப் படிச்சப்போதான் எங்க வீட்டு ஆணிக்கு அர்த்தம் புரிஞ்சது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோன்னா இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி வெட்டாத துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குன்னா, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினால்தான் மத்தது. அதாவது குடியானவனுக்குச் சர்க்கார் ஒதுக்கினது, ஒரு வேட்டு போட்டா அடுத்த வேட்டுக்கு ஒரு நிமிஷமாவது ஆகுற சாமான். நாலு வரி கூட்டி எழுதாம, எவ்வளவு நம்பலாம்னு அளந்து எழுதியிருக்கான்.

எங்க அப்பாரு துப்பாக்கி அந்தச் சாமான்தான். ஒத்தைக்குழல், என் நெஞ்சு உயரம். கட்டை மாட்டுக் கொம்பு நிறத்தில் வழுவழுன்னு இருக்கும். அப்பாரு அதை வாங்கினது கடலைக்காய்க் காட்டில் பன்னி விழுந்ததுக்காக. பன்னிக்காக வாங்கின துப்பாக்கி, 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் பன்னியைச் சுடக்கூடாத துப்பாக்கி ஆயிடுச்சு. பயிரைக் காக்கத் துப்பாக்கி வச்சுக்கோ, ஆனா பயிரைத் திங்கிறதைத் தொடாதே. அதனால அப்பாரு ரவை போடாம மருந்தை மட்டும் கெட்டிச்சு வானத்தைப் பார்த்துப் போடுவார். வெத்துவேட்டு. அரசியல்வாதியை வெத்துவேட்டுன்னு திட்டுறோமே, அந்த வேட்டுக்கு எங்க காட்டில் மரியாதை இருந்துச்சு. பன்னி ஒரு வாரம் எட்டிப் பார்க்காது.

எனக்குப் பன்னெண்டு வயசில் அதைக் கையில் கொடுத்தார். சட்டப்படி கொடுக்கலாமான்னு கேட்காதீங்க. ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வெறும் தடியைக் கொடுத்து நடக்க விட்டார். தடியோட முனை எந்த நேரமும் மண்ணையோ வானத்தையோ பார்க்கணும். ஆத்தா, நாய், ஆட்டுக்குட்டி, யார் பக்கம் திரும்பினாலும் பின்மண்டையில் ஒரு தட்டு. "தடிதானே அப்பாரு"ன்னேன். "தடியில பழகாதவன் குழல்ல பழகமாட்டான் கண்ணு"ன்னார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்து ராத்திரி, பரண்மேல இருந்தோம். அப்பாரு மருந்து கெட்டிச்சு, கேப்பு மாட்டி, என் கையில் கொடுத்தார். வானத்தைப் பார்த்து அழுத்தினேன். குதிரை விழுந்துச்சு, கேப்பு டப்புன்னுச்சு. வேட்டு இல்லை. நான் என்ன பண்ணினேன்னா, ஏன் வெடிக்கலைன்னு பார்க்கக் குழலைக் கீழே இறக்கி என் பக்கம் திருப்பப் போனேன். அப்பாரு ஒரு கையால என் கன்னத்தில் அறைஞ்சார், மறு கையால குழலை மேலே தள்ளினார். ரெண்டும் ஒரே சமயத்தில். வெடிச்சுது. ஈரம் பட்ட மருந்து. கேப்பு நெருப்பு உள்ளே போய் மெதுவாப் பத்திட்டு இருந்திருக்கு. காதில் வண்டு ரீங்காரம் மாதிரி மூணு நாள் இருந்துச்சு. அப்பாரு பரணில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசலை. அந்த மனுஷன் கை நடுங்கினதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் துப்பாக்கி எங்க வீட்டை மனுஷன்கிட்ட இருந்து காப்பாத்தினதும் ஒரே தடவை. பட்டியில் ஆடு கத்துச்சு, நாலஞ்சு பேர் டார்ச் அடிச்சிட்டு நிக்கிறாங்க. அப்பாரு வாசலில் நின்னு ஒரு வெத்துவேட்டு போட்டார். திருடன் ஓடினது வேட்டுக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்த ஒரு சத்தத்துக்கு நாலு பக்கத் தோட்டத்தில் இருந்தும் ஆள் வந்துட்டாங்க, தடி, அருவா, அரிக்கேன் விளக்கோட. வேளை கெட்ட வேளையில் வேட்டுச் சத்தம் கேட்டா வரணுங்கிறது பேசி வைக்காத ஏற்பாடு. வந்தவங்களுக்கு எங்க ஆத்தா விடியக் காலையில் காப்பி போட்டுக் கொடுத்துச்சு. அப்பாரு துப்பாக்கியைத் துடைச்சு ஆணியில் மாட்டிட்டார். இப்போ நான் ஒரு வேட்டு போட்டா யார் வருவாங்கன்னு எண்ணிப் பார்த்தேன். ஓடி வர்ற வயசில் ரெண்டு பேர் தேறினாங்க. அதில் ஒருத்தருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு.

துப்பாக்கி போன கதை சின்னது. தொண்ணூறுகளில் வீரப்பனைத் தேடுற காலம். மலையடிவாரத்தில் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க எல்லாம் துப்பாக்கியை ஒப்படைக்கணும்னு வாய்மொழியாச் சொன்னாங்க. அப்பாரு இறந்து, லைசென்ஸ் அப்பா பேரில் மாறியிருந்த சமயம். சைக்கிளில் வச்சுக் கட்டிட்டுப் போய்க் கொடுத்துட்டு ஒரு ரசீது வாங்கிட்டு வந்தார். மூணு நாலு தடவை கேட்கப் போனார். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள், அப்புறம் பார்க்கலாம்னு பதில். புதுப்பிக்கிற தேதி தாண்டிடுச்சு. 2004இல் வீரப்பன் கதை முடிஞ்சப்போ எங்க துப்பாக்கி கதையும் முடிஞ்சிருந்துச்சு. ரசீது மட்டும் பத்திரக் கட்டில் இருக்கு. வச்சிருந்த மத்தவங்களும் ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஸ்டேஷனில் கொண்டு போய்க் கட்டி, எண்ணிக்கை முடிஞ்சு மீட்டுட்டு வந்து, சலிச்சுப் போய் ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க.

இப்போ வாங்கணும்னா என்ன வாங்குறதுன்னு பார்த்தேன். மகன் ரிவால்வர்னான், சினிமாவில் பார்த்தது. அரசுத் தொழிற்சாலையில் செய்யுற .32 ரிவால்வர் லைசென்ஸில் கிடைக்கும்தான். ஆனா கைத்துப்பாக்கி வயசான கைக்கு ஆகாதுன்னு விஷயம் தெரிஞ்ச ஒரு பழைய பட்டாளத்துக்காரர் சொன்னார். குழல் குட்டையா இருக்கிறதால மணிக்கட்டு ஒரு நூல் அசைஞ்சா குறி ஒரு முழம் தள்ளும், வாரா வாரம் சுட்டுப் பழகினாத்தான் உண்டு. என் தேர்வு 12 போர், ஒத்தைக்குழல், நடுவில் மடக்கித் தோட்டா போடுறது. பன்னெண்டு போர்னா என்னன்னு கேட்டேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னெண்டு சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலோட வாய். பதினாறு போர்னா பதினாறு உருண்டை, வாய் சின்னது. படி, வள்ளம்னு அளந்து பழகின எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிஞ்சது. மடக்கிப் பார்த்தா உள்ளே தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும். ராத்திரியில் விரலால தடவியே தெரிஞ்சுக்கலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

2016 விதிகள்படி, பத்திரமாக் கையாளுற பயிற்சி எடுத்த சான்று இல்லாம லைசென்ஸ் கிடையாது. போன மாசம் ரைபிள் கிளப் ஒண்ணில் போய்ச் சேர்ந்தேன். என்னோட நின்னதெல்லாம் மில் முதலாளிங்க, ஒரு நகைக்கடைக்காரர், நகத்தில் செம்மண்ணோட நான். சொல்லிக்கொடுத்தவருக்கு என் மகன் வயசு. முதல் நாள் முழுக்கத் தோட்டாவையே கண்ணில் காட்டலை. குழல் முனை ஆளைப் பார்க்கக் கூடாது, சுடுற வரைக்கும் விரல் விசையில் போகக்கூடாது, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிறதாவே நினைக்கணும். அப்புறம், "விசையை அழுத்தி வெடிக்கலைன்னா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டார். மில் முதலாளி ஒருத்தர் "திறந்து பார்ப்பேன்"னார். நான், "குழலைத் திருப்பாம அப்படியே வச்சுட்டு அரை நிமிஷம் சும்மா இருப்பேங்க"ன்னேன். அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "எங்க கத்துக்கிட்டீங்க ஐயா?"ன்னார். கன்னத்தில்னு சொல்ல முடியுமா?

சுட்டும் பார்த்தேன். இருபத்தஞ்சு கஜத்தில் காகிதம். தோளில் உதைச்ச உதை, பழக்கமில்லாத மாட்டுக்கிட்டப் பால் கறந்த மாதிரி.

தற்காப்புச் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தாங்க. 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவிலும் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்ததேதான் இருக்கு. கொள்ளையோ, சூரியன் மறைஞ்ச பிறகு வீட்டை உடைச்சு நுழையறதோ நடந்தா, உயிர் போற அளவுக்குக்கூடத் தடுக்க உரிமை உண்டு. ஆனா தேவைக்கு மேலே ஒரு துளி கூடக்கூடாது, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமையே இல்லை. ஓடுறவன் முதுகில் சுட்டா நான்தான் கொலைகாரன். கேட்கச் சரியாத்தான் இருக்கு. தூக்கத்தில் இருந்து எழுந்து, கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து, இன்னொரு பெட்டியில் இருக்கிற தோட்டாவை எடுத்து, இதையெல்லாம் எடை போடணும்.

என் வீட்டுக்காரிதான் இதில் தெளிவா இருக்கிறா. "ஏனுங்க, வர்றவன் நாயைத்தான் முதல்ல அடிப்பான். நாய் குரைக்காம நீங்க எப்படி எழுந்திரிப்பீங்க? எழுந்தாலும் உங்க கையில இருக்கிறதை அவன் புடுங்கினா?" எனக்குப் பதில் தெரியலை. அவளே ஒரு வேலை செஞ்சா. சுத்தி இருக்கிற அஞ்சு தோட்டத்துப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, கூரையில் சைரன் வைக்க ஏற்பாடு பண்ணிட்டா, பழைய மில் சங்கு மாதிரி. ஒருத்தர் அமுக்கினா அஞ்சு வீட்டிலயும் கத்தும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன், காலையில் அஞ்சரைக்கு ஒரு போன், வரிசை வச்சிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை.

பன்னி இப்பவும் வருது. 2025 ஜனவரியில் அரசு சொன்னதுபடி, காப்புக்காட்டில் இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை சுடும், நாங்க சுடக்கூடாது. எங்க தோட்டம் காட்டில் இருந்து ரெண்டு கிலோமீட்டர்.

விண்ணப்பம் மேசையில் இருக்கு. பயிற்சிச் சான்று, நிலத்துச் சிட்டா, போட்டோ எல்லாம் பின் பண்ணி வச்சாச்சு. நோக்கம்ங்கிற கட்டத்தில் மட்டும் பென்சிலால எழுதியிருக்கேன். முதல்ல தற்காப்புன்னு எழுதினேன். அழிச்சிட்டுப் பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதினேன். நேத்து ராத்திரி பத்து மணிப் போன் முடிஞ்சு வந்தவ அதைப் பார்த்துட்டு, காலண்டரைக் கழட்டி என் சட்டை தொங்குற ஆணியிலேயே மாட்டிட்டுப் போனா. அந்த ஆணி காலியா இருக்கு, ஏன்னு நானும் இன்னும் கேட்கலை.